கீழ்வீட்டில் கிரைண்டர், மேல்வீட்டில் வெளிச்சம்

"நம்ம கீழ்வீட்டம்மா கிரைண்டர் போட்டா போதும், எங்க வீட்ல லைட்டு ஜாஸ்தி எரியுது. கரென்ட் ஃப்ரீயா மேல ஏறுது போல!"

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருமுனை பேக்கரியில் பன் வாங்க நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் சொன்னது இது. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மின்னியல் படித்தவள். ஒரு வீட்டில் மின்பாரம் ஏறும்போது இன்னொரு வீட்டில் வெளிச்சம் கூடினால் அது வேடிக்கை இல்லை, ஆபத்து. திரும்பி நின்று, "அண்ணா, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நான்கே நான்கு வார்த்தை. ஆனால் தெரியாதவர்களிடம் நானாகப் பேசிய வரலாறே இல்லை. பன்னை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வேலை செய்வது காக்ஸ் டவுனில், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிற ஒரு கடையில். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளந்து சொல்கிற தொழில் எங்களுடையது; ஆனால் வருகிற ஒவ்வொருவரும் அதை நேற்றுத்தான் நேரில் பார்த்துப் பேசிவிட்டு வந்ததுபோல் எங்களிடம் விளக்குவார்கள். எந்தக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவராக இருந்தாலும் உங்களுக்கு இது புரியும். நாமெல்லாம் ஒரே இனம்.

மோட்டாரும் ஒரு மறுப்பும்

பேக்கரியில் நான் வாயை மூடிக்கொண்டு வந்த பத்தாவது நாள் செல்வியக்கா கடைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கிறார். இட்லி மாவு அரைத்து விற்கிறார். எங்கள் வீட்டு இட்லியும் அவர் மாவுதான். கையில் துணிப்பை, பைக்குள் கிரைண்டர் மோட்டார். கருகிய நாற்றம் பையைத் திறக்கும் முன்பே வந்துவிட்டது.

"ரெண்டாவது மோட்டாரு, வாணி. மூணு மாசத்துல ரெண்டு. மெக்கானிக்கு வோல்ட்டேஜ் கம்மின்றாரு. மேல்வீட்டு மஞ்சண்ணா ஜாஸ்தின்றாரு, அவரு டிவி படார்னு போயிட்சாம். ஒரே கட்டடத்துல கம்மியும் ஜாஸ்தியும் எப்டிமா? வீட்டுக்காரரு போன்ல கத்றாரு. ஞாயித்துக்கிழமை ஓசூர்லருந்து வர்றாராம். கிரைண்டரை நிறுத்து, இல்ல வீட்டைக் காலி பண்ணுன்றாரு. மாவு இல்லன்னா நான் இன்னாத்த பண்றது?"

பேக்கரியில் பேசியவர் அந்த மஞ்சண்ணாதான் என்று அப்போது புரிந்தது. நான்கு வார்த்தையை நான் முழுங்கியதற்கு ஒரு மோட்டாரும் ஒரு டிவியும் போயிருந்தன. அன்று மாலையே போய்ப் பார்க்கலாம் என்றால், மெயின் போர்டு பூட்டியிருக்கிறது, சாவி வீட்டுக்காரரிடம். ஞாயிறுவரை அந்த வீட்டில் கிரைண்டரைப் போடவேண்டாம் என்றேன். மேல்வீட்டிலும் ஃபிரிட்ஜ், மிக்ஸி பிளக்கையெல்லாம் கழற்றி வைக்கச் சொல்லுங்கள் என்றேன். செல்வியக்கா அதற்குள் விலையுயர்ந்த ஒரு ஸ்டெபிலைசரைக் காட்டி, "இதைக் குடு, எப்டியாச்சும் வாங்கிக்கிறேன்" என்றார். எங்கள் கடை எலக்ட்ரீஷியன் அந்தோணியண்ணா அதை எடுக்க ஏணியில் ஏறியும்விட்டார். "இது வேண்டாங்க்கா, இதுல சரியாவாது" என்றேன். அக்கா போனபின் அந்தோணியண்ணா ஏணியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"நீ வாயைத் தொறக்கறதே மாசத்துக்கு ஒரு வாட்டி. தொறந்தா கஸ்டமரைத் திருப்பி அனுப்புற!"

நூற்றைம்பது மணி நேர மீன்

ஞாயிறுவரை மனம் அந்தப் பூட்டிய போர்டைச் சுற்றியே இருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா? மறுநாள் காலை எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் ஐடி கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். எங்களிடம் இன்வெர்ட்டர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. பேட்டரி பழுது, மாற்றிக் கொடுங்கள் என்றார். என்ன பழுது என்று கேட்டேன். அவர்கள் அபார்ட்மென்டில் பேனல் வேலைக்காக இரண்டு நாள் கரென்ட் நிறுத்தம். அவர் ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு, உள்ளே ஊரிலிருந்து வந்த வஞ்சிரம் மீன் நான்கு கிலோவை அடுக்கிவிட்டு, குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்விட்டார். பேட்டரி மேல் 150 ஏஹெச் என்று அச்சடித்திருக்கிறதே, ஹெச் என்றால் மணி, நூற்றைம்பது மணி நேரம், ஆறு நாள் தாங்கும், நான் இரண்டு நாள்தானே கேட்டேன் என்றார்.

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு ஆம்பியர் மட்டும் இழுத்தால் நூற்றைம்பது மணி. பதினைந்து இழுத்தால் பத்தே மணி. ஃபிரிட்ஜ் ஓடுகிறபோது ஏறக்குறைய அந்தப் பதினைந்தை இழுக்கும். அரை நாளில் பேட்டரி கண்ணை மூடியிருக்கும், மீதி ஒன்றரை நாள் மீன் வெயிலில் இருந்த மாதிரிதான். அவர் காகிதத்தை வாங்கி, பெருக்கி, வகுத்து, சரிபார்த்து, கடைசியில் கணக்கில் பிழை இல்லை என்று ஒப்புக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி என் பக்கம் திரும்பினார்.

"இவர் எழுதறதை எல்லாம் கம்ப்யூட்டர் நம்புது மேடம். மீன் நம்பல."

ஃபிரிட்ஜுக்குச் சிறு தீ

எங்கள் கடைக்கு எதிர்ச் சந்தில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். காக்ஸ் டவுனில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அந்தோணியண்ணாவும் அதில் ஒருவர். டீச்சர் வந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். புதன்கிழமை வந்த டீச்சர், தன் ஸ்டெபிலைசரை வழக்கமான இருநூற்று முப்பதிலிருந்து நூற்றெண்பது வோல்ட்டுக்கு இறக்கித் தரச் சொன்னார். பாலைச் சிறு தீயில் வைத்தால் பொங்காது, பாத்திரமும் அடிபிடிக்காது. அதுபோல ஃபிரிட்ஜுக்கும் மெதுவாகக் கரென்ட் கொடுத்தால் நெடுநாள் உழைக்கும் என்பது அவர் முடிவு. அந்தோணியண்ணா "சரி டீச்சர்" என்று தலையாட்டிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்த வாரம் மூக்கில் கருகிய மோட்டார் நாற்றம் போகவே இல்லை. மோட்டார் அடுப்பு மாதிரி இல்லை டீச்சர், அதற்குச் செய்துமுடிக்க ஒரு வேலை இருக்கிறது, வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், ஆம்பியர் கூடினால் உள்ளே இருக்கிற கம்பி சுடும், சுட்டுச் சுட்டு ஒரு நாள் கருகும் என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "எழுதிக் காட்டு" என்றார். எழுதினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி முழுவதும் படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி ஓரத்தில் ஒரு 'சரி' போட்டார்.

"விடை சரி. கையெழுத்துக்கு ரெண்டு மார்க் குறைச்சிருக்கேன்."

ஹேர் டிரையர் வழக்கு

வியாழக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெண்கள் பி.ஜி. விடுதிக்கு இன்வெர்ட்டர் மாட்டப் போனோம். சுவரில் 'ஹேர் டிரையர் கண்டிப்பாகக் கூடாது' என்று மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள். மேனேஜர் என்னிடம் ஒரு டிரையரைக் கொண்டுவந்து காட்டினார். பறிமுதல் செய்தது. "நோடி மேடம், பாருங்க, ஆயிரத்து இருநூறு வாட். ஆயிரத்து இருநூறு!" என்றார், அது ஏதோ தோட்டா எண்ணிக்கை மாதிரி. பின்னால் டிரையருக்குச் சொந்தக்காரப் பெண் ஈரத்தலையோடு நின்றாள். நீங்களாவது சொல்லுங்கள் அக்கா என்று கண்ணாலேயே கேட்டாள்.

கேட்டவள் என்னைப்போல் பேசத் தயங்குகிறவள். அதனால் சொன்னேன். வாட் என்பது வேகம் மட்டும்தான், எவ்வளவு நேரம் என்றும் பார்க்க வேண்டும், மீட்டர் ஓடுவது இரண்டையும் பெருக்கி வருகிற யூனிட்டுக்குத்தான். பத்து நிமிஷம் தலை காயவைத்தால் யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் வராண்டாவில் இரண்டு பழைய குண்டு பல்ப், நூறு நூறு வாட், ராத்திரி பகலாக எரிகிறதே, அது ஒரு நாளைக்கு நாலே முக்கால் யூனிட்டுக்கு மேல். மேனேஜர் வாயைப் பிளந்து கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண்ணிடமிருந்து கடைக்கு போன். அவள் டிரையர் திரும்பி வரவில்லையாம், வராண்டா பல்ப் இரண்டையும் மேனேஜர் கழற்றிவிட்டாராம். உடனே மேனேஜரைக் கூப்பிட்டு எல்இடி பல்ப் என்று ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்தினேன். அது வேறு விஷயம். போனை வைக்கும் முன் அந்தப் பெண் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"அக்கா, நேத்து நீங்க யாருக்காகக் கணக்கு போட்டீங்க?"

கனவு காணும் மீட்டர்

நான் மட்டுமே எப்போதும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தோணியண்ணாவுக்கும் எனக்கும் நடக்கிற நித்தியச் சண்டை இது: அவர் சட்டைப்பையில் டெஸ்டர், என் பையில் மீட்டர். டெஸ்டர் எரிகிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், என் மீட்டர் எத்தனை வோல்ட் என்று சொல்லும் என்று நான் அலட்டிக்கொள்வேன். சனிக்கிழமை ஒரு வீட்டில் எங்கேயும் சேராத ஒரு கம்பியில் என் மீட்டர் எழுபது வோல்ட் காட்டியது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எழுபது. வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே கசிவைத் தேடி அரை மணி நேரம் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தோணியண்ணா தன் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து ஒரு ஹோல்டரும் குண்டு பல்பும் எடுத்துவந்து அந்தக் கம்பியில் மாட்டினார். பல்ப் மினுங்கக்கூட இல்லை. என் மீட்டர் உடனே பூஜ்யத்துக்கு விழுந்தது. பக்கத்தில் ஓடுகிற கம்பியின் தாக்கத்தில் வருகிற வெற்று வோல்ட்டேஜ் அது, பாரம் வைத்தால் நிற்காது. கல்லூரியில் படித்ததுதான், நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. அவர் பல்பைத் துடைத்து உறையில் போட்டபடி சொன்னார்.

"உன் மீட்டர் தூங்கிக்கினே கனவு காணும். என் பல்ப் முழிச்சிருக்கும்."

படிக்கட்டில் இரண்டு பல்ப்

அதனால் ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு பல்பையும் கொண்டுவரச் சொன்னேன். சர்ச் முடிந்து, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு அந்தோணியண்ணா நேராக வந்துவிட்டார். செல்வியக்கா வீட்டு வாசலில் ஏற்கெனவே கூட்டம். வீட்டுக்காரர் கோவிந்தராஜ், நெற்றி நிறைய விபூதி, கையில் சாவிக்கொத்து. படிக்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு மஞ்சண்ணா. அக்கா, கருகிய காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றி வாங்கிவந்த மோட்டாரைக் கிரைண்டரில் பொருத்திவைத்து அதன் பக்கத்திலேயே நின்றார். ஆறு நாளாகத் தங்கை வீட்டுக்கு அரிசியைச் சுமந்து போய் அரைத்து வந்ததில் கண் உள்ளே போயிருந்தது.

"நான் முடிவு பண்ணிட்டேன்" என்றார் கோவிந்தராஜ். "கிரைண்டர் இந்த வீட்ல இனிமே ஓடக்கூடாது. அவ்வளவுதான்."

"இதுவும் கருகிட்சுன்னா நானே நிறுத்திடறேன்" என்றார் செல்வியக்கா. அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"வேண்டாங்க்கா!" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எப்போதும்போல் காது சூடானது. "கிரைண்டரைத் தொட வேண்டாம். இஸ்திரிப்பெட்டி இருக்கா? அதுவும் நிறைய இழுக்கும், ஆனா கருகறதுக்கு மோட்டார் இல்ல."

மேல்வீட்டில் எல்லா பிளக்கையும் கழற்றச் சொல்லி, அந்தோணியண்ணா அங்கே ஒரு பல்பை மாட்டினார். கீழே அக்கா வீட்டில் இன்னொன்று. நான் மீட்டரோடு மாடியில் நின்றேன். கீழே இஸ்திரிப்பெட்டியைப் போட்டார்கள். மேல்வீட்டு பல்ப் கண்ணைக் கூசவைத்தது. மீட்டரில் இருநூற்று எழுபத்தொன்று. கீழே இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமே. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்: "இருநூத்தி எழுபத்தொண்ணு!"

"இங்க பல்ப் அழுது!" என்று கீழேயிருந்து அக்கா கத்தினார். இறங்கிப்போய் அளந்தேன். நூற்று அறுபத்திரண்டு.

"நான்தான் சொன்னேனே, அவங்க கரென்ட் மேல ஏறுது" என்றார் மஞ்சண்ணா.

"உங்க இஸ்திரிப்பெட்டியை மேல போடுங்கண்ணா" என்றேன். போட்டார். இப்போது மேல்வீட்டு பல்ப் மங்கியது. கீழ்வீட்டு பல்ப் பளிச்சென்று எரிந்தது. அதை நம்பாமல் மஞ்சண்ணா இறங்கி வந்து பார்த்தார், மறுபடி ஏறிப் போய் அணைத்தார், போட்டார், மறுபடி இறங்கி வந்தார். "ஏனம்மா இது, என்னாம்மா இது?" என்று என்னைக் கேட்டார். "அப்போ என் இஸ்திரிப்பெட்டியும் திருடனா?"

"யாரும் திருடன் இல்லைண்ணா" என்றேன். இரண்டு வீட்டுக்கும் கரென்ட் போகிற கம்பி தனித்தனி. திரும்பி வருகிற நியூட்ரல் கம்பி இரண்டுக்கும் பொது. அது எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. கரென்ட் திரும்ப வழியில்லாமல் ஒரு வீட்டுக்குள் புகுந்து இன்னொரு வீடு வழியாகப் போகிறது. எந்த வீட்டில் பாரம் அதிகமோ அங்கே வோல்ட் இறங்கும், மற்ற வீட்டில் ஏறும். இறங்கியதில் அக்கா மோட்டார் கருகியது, ஏறியதில் உங்கள் டிவி போனது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். "போர்டைத் திறக்கணும் சார்" என்று கோவிந்தராஜிடம் முடித்தேன்.

அவர் தயங்கித் தயங்கித்தான் சாவியைப் போட்டார். மூடி திறந்ததும் அந்தோணியண்ணா "ஏசுவே" என்றார். நியூட்ரல் கம்பிகள் சேருகிற பித்தளைப் பட்டையே தெரியவில்லை. சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று வருஷக்கணக்கில் அப்பிக் காய்ந்திருந்தது.

"ஆயுத பூஜைக்கு வெச்சது" என்றார் கோவிந்தராஜ். "ஒவ்வொரு வருஷமும் ஓசூர்லருந்து வந்து நானே வைக்கறேன். நான் ஒண்ணும் விவரம் இல்லாதவன் இல்லம்மா. டெஸ்டர் வெச்சுப் பார்த்து, லைட் எரியாத இடமாப் பார்த்துத்தான் வெச்சேன்."

டெஸ்டர் எரியாத இடம் நியூட்ரல்தான். அந்தோணியண்ணா தன் சட்டைப்பை டெஸ்டரை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். மெயினை அணைத்து, பல்பை வைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்த பிறகு பட்டையைச் சுரண்டினார். சந்தனத்துக்கு அடியில் பித்தளை பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. வருஷாவருஷம் ஈரச் சந்தனம். முக்கியமான திருகு விரலால் சுற்றினாலே சுற்றியது. பழைய பட்டையைக் கழற்றி, கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, புதியதைப் போட்டு இறுக்கினார். வெள்ளைச் சட்டையின் கையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பட்டை.

மெயினைப் போட்டோம். கீழே இஸ்திரிப்பெட்டி. மீட்டரை இந்த முறை மஞ்சண்ணா கேட்டு வாங்கிக்கொண்டார். "இருநூத்தி இருபத்தொம்பது!" என்று மாடியிலிருந்து கத்தினார். நான் சொன்னதைவிடப் பலமாக. கீழே இருநூற்று இருபத்தாறு. பல்ப் இரண்டும் அசையவில்லை.

"இப்போ போட்லாமா?" என்றார் செல்வியக்கா, என்னையும் கோவிந்தராஜையும் மாறி மாறிப் பார்த்து. ஊறிய அரிசி அன்னக்கூடையில் தயாராக இருந்தது.

கோவிந்தராஜ் போர்டின் கதவைச் சாத்திப் பூட்டினார். செல்வியக்காவிடம் குங்குமம் கேட்டு வாங்கி, சாத்திய கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு உள்ளே வந்து, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குந்தி, கிரைண்டருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, சுவிட்சைத் தானே போட்டார்.